பதினேழு பேர் கட்டிய கூறை

பெரம்பலூரில் இறங்க வேண்டிய என்னை ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டார்கள். "டவுனுக்குள்ள போகாது சார். இப்படியே நேராப் போங்க, பஸ் ஸ்டாண்டு வந்துரும்" என்று கண்டக்டர் கை காட்டினார். அவர் காட்டிய பக்கம் வெயில்தான் தெரிந்தது. ஏறும்போதே ஊருக்குள் போகுமா என்று கேட்டிருக்கலாம். கேட்பது எனக்குக் கஷ்டம். நாற்பத்தொன்பது வயதாகியும் பஸ்ஸில் சில்லறை பாக்கி கேட்கக் கூச்சப்படுகிறவன் நான்.

கையில் ஒரு பெரிய பை. அதற்குள் மூன்று பட்டுச் சேலைகள். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் இருபத்தேழு வருடமாக வேலை பார்க்கிறேன். மெத்தையில் மண்டியிட்டுச் சேலையை விரிப்பது, மடிப்பது, மறுபடி விரிப்பது. முழங்கால் இரண்டும் போய்விட்டது. நெடுஞ்சாலை ஓரமாக அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, இந்த வேலைக்கு என் மனைவியே வந்திருக்கலாம் என்று பலமுறை நினைத்தேன்.

வேலை இதுதான். என் மகள் வித்யா திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். அங்கேயே வேலை செய்யும் சரவணனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தோம். சொந்தத்தில் ஒருவர் சொல்லி வந்த வரன்தான். பையனின் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமம். பூ வைத்து முடித்த பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அவர்கள் தெருவில் கல்யாணம் என்றால் பந்தல் கிடையாது, மேளம் கிடையாது, ஒரே குழம்புதான். அதையெல்லாம் கூட என் மனைவி பாக்கியம் பொறுத்துக்கொண்டாள். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் கூறைப் புடவை அந்தத் தெருவுக்கு மொத்தமாக ஒன்றுதானாம். அந்தத் தெருவுக்கு வாழ வரும் ஒவ்வொரு பெண்ணும் அதையே கட்டித் தாலி வாங்கிக்கொள்கிறாளாம்.

"கோடிப் புடவை இல்லாம தாலி ஏறுமா? ஊரான் கட்டி அவுத்த சேலையிலயா எம்புள்ள மணவறையில உக்காரணும்?" என்றாள் பாக்கியம். "போய்ச் சொல்லிட்டு வாங்க. புதுச் சேலைன்னா கல்யாணம். இல்லன்னா இந்தச் சம்பந்தமே வேணாம்."

வித்யா போனில், "எனக்கு ஒண்ணும் இல்லப்பா. அவங்க வழக்கம், நான் கட்டிக்கிறேன்" என்றாள். "அவளுக்கென்ன தெரியும்" என்று பாக்கியம் போனை வாங்கி வைத்துவிட்டாள்.

எனக்கு ஒரு யோசனை. வாயால் சொல்ல வேண்டாம். கடையில் முதலாளியிடம் சொல்லி மூன்று சேலைகளை வாங்கிக்கொண்டேன். சம்பந்தியம்மாள் முன்னால் விரித்துப் போட்டுவிட்டால் போதும். கடையில் எனக்காகப் பேசுவது சேலைதான்.

பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கிராமத்துக்குப் போகும் டவுன் பஸ்ஸில் இரண்டு பெண்கள் சின்ன வெங்காய மூட்டைகளைக் காலடியில் போட்டிருந்தார்கள். என் பைக்கு இடமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

"பைக்குள்ள என்ன சார், கொழந்தையா? இப்படிக் கட்டிப் புடிச்சிருக்கீங்க" என்றாள் ஒருத்தி.

"துணி" என்றேன்.

"துணியத்தான் இப்படிப் புடிப்பாங்களா? எங்க வூட்டுக்காரு கல்யாணத்தன்னிக்கே என்னை இப்படிப் புடிக்கல."

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மக்காச்சோளக் காடுகள் அறுத்து முடிந்து கட்டையாக நின்றன. எதிரே சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு லாரிக்கும் எங்கள் பஸ் ஒதுங்கி நிற்க, தூசி உள்ளே வந்து எல்லார் தலையிலும் ஒரே நிறமாகப் படிந்தது. மதுரையில் புகை உண்டு. இந்த வெள்ளைத் தூசி கிடையாது.

கிராமத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். "எழுதுனா பாராட்டுறோம்னு மாலையோட யாராச்சும் வந்துருவாங்க" என்றார்கள். அதனால் எழுதவில்லை. நாற்பது வீடுகள் இருக்கும் ஒரு தெரு. அவர்களுடைய தாத்தாக்கள் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். இப்போது கொத்தனார், வேன் டிரைவர், டீச்சர், செல்போன் ரிப்பேர் என்று ஆளுக்கொரு தொழில். சரவணனின் அப்பா சிமென்ட் லாரி ஓட்டுகிறார். அன்று வெளியூர் போயிருந்தார். தெருவில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது, ஒரு பிளெக்ஸ் பேனர்கூட இல்லாததுதான். எங்கள் தெருவில் காது குத்துக்கே பத்து பேனர் வைப்பார்கள்.

சரவணனின் அம்மா தமிழ்ச்செல்வி வாசலிலேயே நின்றிருந்தார். அங்கன்வாடியில் சமையல் வேலை. "வாங்கண்ணே. அண்ணி வரலையா? ஏன் இப்படி வேர்த்து வழியுது? பைபாஸ்ல எறக்கி வுட்டுட்டானா? எல்லாரையும் அப்படித்தான் எறக்கி வுடுறான்" என்று மூச்சு விடாமல் பேசினார். பதில் சொல்லும் சிரமம் எனக்கு இல்லை.

தண்ணீர் குடித்ததும் பையைத் திறந்தேன். மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, குங்குமச் சிவப்பு. மூன்றையும் பாயில் விரித்தேன். நிமிடத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஜரிகையைத் தடவினார்கள். முந்தானையை வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். "இந்த மஞ்சள் என்னா மஞ்சள்டி!" என்றாள் ஒருத்தி. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

தமிழ்ச்செல்வி மூன்றையும் கண் நிறையப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லாருக்குண்ணே. மடிச்சு வையுங்க, அழுக்காயிரும்" என்றார்.

மடித்து வைத்தேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதானே.

மதியச் சாப்பாட்டுக்கு என்னை எதிர்வீட்டுக்கு அனுப்பினார். ஏன் என்று புரியவில்லை. வருகிற விருந்தாளி தெருவுக்கே விருந்தாளியாம். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு வீடு. இது எனக்குப் பெரிய தண்டனை. ஒரே வீட்டில் ஒரு மூலையில் தலை குனிந்து தின்றுவிட்டு எழுந்து போகிறவன் நான். இங்கே வேளைக்கு ஒரு தடவை புதுசாகக் கூச்சப்பட வேண்டியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே சமையல்தானாம். சோளச்சோறு, கீரைக் கடைசல், உரித்த சின்ன வெங்காயம், மோர். ராத்திரி வேறு வீட்டுக்குப் போனேன். அங்கேயும் சோளச்சோறு, கீரை, வெங்காயம், மோர். யார் வீட்டில் நல்லது, யார் வீட்டில் மட்டம் என்று ஒப்பிட எனக்கு வழியே இல்லை. பசிக்கு அது நன்றாகத்தான் இருந்தது. சோளம் பழக்கமில்லாததால் வயிறுதான் கொஞ்சம் முனகியது.

நடுவில், விளக்கு வைக்கிற நேரத்தில், அம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போனார்கள். ஓடு போட்ட சின்னக் கோவில். கோபுரம் இல்லை. ஒரே விளக்கு. வந்தவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். பாட்டு இல்லை, மணி இல்லை. கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. பேச வேண்டாத ஒரு கோவிலை அன்றுதான் பார்த்தேன். எனக்கென்றே கட்டியது போல இருந்தது.

வெளியே வந்ததும் தமிழ்ச்செல்வி சொன்னார். "இத எறக்கி வைக்கிறதுன்னு சொல்லுவோம்ணே. வேணும் வேணும்னு நாம தூக்கிட்டு அலையுறமே, அதுல ஒண்ண ஆத்தா காலடியில எறக்கி வச்சிட்டு வரணும். யாரு எத வச்சான்னு கேக்கக் கூடாது. வச்சத வெளிய பெருமையா சொல்லவும் கூடாது."

"அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் வாஷிங் மெஷினப் பத்திச் சொன்ன?" என்றாள் பக்கத்தில் வந்த ஒருத்தி.

"அது பெருமை இல்லடி, பொலம்பல். போன மாசம் எறக்கி வச்சேன். இந்த மாசம் மறுபடி தலையில ஏறிக்கிச்சு."

அன்று படுத்ததும் பாக்கியம் போன் செய்தாள். "சொல்லிட்டீங்களா?" நாளைக்கு என்றேன். அவள் பெருமூச்சு மதுரையிலிருந்து தெளிவாகக் கேட்டது.

மறுநாள் காலை, மூன்றாவதாக ஒரு வீட்டில் இட்லி தின்று முடித்ததும், கூறையைக் காட்டுவதாகச் சொன்னார்கள். தகரப் பெட்டி ஒன்று வந்தது. சாவி ஜோதி என்ற பெண்ணிடம் இருந்தது. முப்பது வயது இருக்கும். பெரம்பலூரில் நர்ஸ். இரவுப் பணி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். அந்தச் சேலையைக் கட்டியவர்களில் ஒன்பதாவது ஆள் அவள். நெற்றியில் திருநீறு மட்டும். கழுத்தில் தாலி இல்லை. எங்கள் தொழிலில் பெண்களின் கழுத்தையும் நெற்றியையும் பார்த்துத்தான் எந்த நிறத்தை எடுத்துப்போடுவது என்று முடிவு செய்வோம். அதனால் உடனே கண்ணில் பட்டுவிட்டது. கல்யாணப் புடவைப் பெட்டியை அவள் கையால் திறக்க விடுகிறார்களே என்று மனசுக்குள் ஒரு சங்கடம். கேட்கவில்லை.

அரக்கு நிறம், பச்சைக் கரை. நல்ல சேலை. இப்போது அந்த நெசவு வருவதில்லை. ஜோதி அதை இரண்டு கையிலும் ஏந்திப் பாயில் வைத்தாள். ஆளாளுக்குக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் விரித்தேன். இரண்டாவது மடிப்பிலேயே விரல் நின்றுவிட்டது. மடிப்புக் கோட்டில் பட்டு இற்றுப் போயிருந்தது. அரை அடிக்கு நூல் நூலாகப் பிரிந்து மறுபக்கம் தெரிந்தது. அடுத்த மடிப்பிலும் அப்படியே.

"எப்படி மடிச்சு வைப்பீங்க?" என்று கேட்டேன்.

"கடையிலேருந்து எப்படி வந்துச்சோ அப்படியே தான் சார். ஒரு கோடு மாற மாட்டோம்" என்றாள் ஜோதி. "கல்யாணம் முடிஞ்சதும் நாலு பேரு சேந்து பழைய மடிப்பு பாத்துப் பாத்து மடிப்போம்."

பட்டுக்கு ஆகாத காரியம் அதுதான். சில மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். ஒரே கோட்டில் வைத்தால் அங்கேயே அறுந்துபோகும். போதாததற்கு அந்துருண்டையைத் துணிக்கு உள்ளேயே வைத்திருந்தார்கள். பட்ட இடத்தில் ஜரிகை கறுத்திருந்தது. சாமிக்கு வைப்பதுபோல மரியாதையாக வைத்து வைத்தே சேலையைக் கொன்றிருந்தார்கள்.

பெண்கள் என் முகத்தையே பார்த்தார்கள். தமிழ்ச்செல்வி மெதுவாகக் கேட்டார். "பட்டு தெரிஞ்சவரு நீங்க. பதினேழு பேரு கட்டியாச்சு. இன்னும் தாங்குமாண்ணே? நீங்க என்னா சொல்றீங்களோ அதான்."

'தாங்காது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் வந்த வேலை அந்த நொடியே முடிந்திருக்கும். யாருக்கும் மனவருத்தம் இல்லை. பாதி உண்மையும்கூட. ஆனால் கிழிந்திருந்த இடங்கள் கொசுவத்துக்குள் மறைகிற இடங்கள். இழை ஓட்டித் தைத்து, மடிப்பை மாற்றி வைத்தால் இன்னும் பல வருடம் போகும். அதுவும் எனக்குத் தெரியும்.

"டார்னிங் பண்றவர்கிட்ட காட்டித்தான் சொல்லணும்" என்றேன். வழக்கம்போலத் தப்பித்தேன்.

அரியலூரில் காதர் பாய் என்று ஒருவர் இருக்கிறாராம். தமிழ்ச்செல்வியும் நானும் கிளம்பினோம். சேலை ஒரு வேட்டியில் சுற்றி அவர் மடியில் இருந்தது. பாதி வழியில் பஸ் டயர் வெடித்தது. டிரைவர் இறங்கிப் பார்த்து, "ஸ்டெப்னியும் பஞ்சரு" என்றார், ஏதோ நாங்கள் செய்த தவறு போல. ஒரு வேப்பமரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. லாரிகள் போகும்போதெல்லாம் தமிழ்ச்செல்வி முந்தானையால் சேலை மூட்டையை மூடினார், தன் முகத்தை மூடவில்லை.

எப்படி இந்த வழக்கம் வந்தது என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"எங்க வூட்டுக்கு நாலு வூடு தள்ளி ஒரு குடும்பம் இருந்துச்சு. மொத மொத தெருவுல மண்டபத்துல கல்யாணம் பண்ணுனது அவங்கதான். மூணு நாளு சாப்பாடு. பொண்ணு மேல நகை ஒரு பக்கம், சீரு ஒரு பக்கம். நாங்க எல்லாரும் போயி நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிச் சொல்லித் தின்னோம். மறு வருசம் இருந்த காட்ட வித்துட்டு ஒரு நாளு விடியக்காலம் வூட்டப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. எங்க இருக்காங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல." சேலை மூட்டையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "கடன்காரன் வெரட்டலண்ணே. எங்க கண்ணுதான் வெரட்டுச்சு. அடுத்த கல்யாணம் அதவிடப் பெருசா இருக்கணும்னு எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தமே, அந்தக் கண்ணு. அதான் ஆத்தா முன்னாடி போயி மொதல்ல அத எறக்கி வச்சோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இந்தச் சேலைய எடுத்தோம்."

"யாரும் எதிர்க்கலையா?"

"எதுக்காம? எல்லாப் பொம்பளயும் ஒப்பாரி வச்சாளுவ. நானே வச்சேன். அப்புறம் எங்க வூட்டுக்காரு லாரியில அடிபட்டு ஆறு மாசம் படுத்திருந்தாரே, அப்ப எங்க வூட்டுல அடுப்பே எரியல. தெருவே ஆக்கிப் போட்டுச்சு. யாரும் யாரையும்விட மேல இல்லன்னாதாண்ணே, கைய நீட்டி வாங்கக் கூச்சமா இருக்காது."

எனக்கு அந்த வார்த்தை எங்கேயோ பட்டது. கடையில் நான் செய்கிற ஒரு காரியம் நினைவுக்கு வந்தது. பெண்ணின் அம்மா, "இவ்வளவுக்குள்ள காட்டுங்க" என்பார். நான் முதலில் எடுத்துப் போடுவது அதற்கு ஒரு படி மேலே உள்ள சேலையை. அதைப் பார்த்த கண்ணுக்கு அப்புறம் வேறு எதுவும் பிடிக்காது. பெண் அதையே தொட்டுக்கொண்டிருப்பாள். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அப்பா கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பார். இருபத்தேழு வருடத்தில் அந்த முகத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன். இவர்கள் அம்மன் காலடியில் இறக்கி வைத்த கண்ணை, நான் எடுத்துத் துடைத்து விற்றுக்கொண்டிருக்கிறேன். மரத்தடியில் அதை யோசித்ததும் முழங்கால் வலிகூட மறந்துபோனது. அதைவிட இது வலித்தது.

அரியலூரில் காதர் பாயின் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரு தையல் மிஷின், ஒரு குண்டு பல்பு. சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டார். தமிழ்ச்செல்வி எதிர்க்கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார்.

"சார் எந்த ஊரு?"

"மதுரை."

"மதுரைக்காரரு டார்னிங்குக்கு அரியலூர் வந்திருக்கீங்க!" என்று சிரித்தார். "என்னைவிட நல்ல கைக்காரங்க உங்க ஊருல இருக்காங்களே." என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தெருச் சேலை கதை எனக்குத் தெரியும். பொண்ணு வூட்டுக்காரரு நீங்கதானா? உங்களுக்கு இது வேணாம்னா சொல்லுங்க சார். முடிஞ்சுபோச்சு, தைக்க முடியாதுன்னு நான் சொல்லிடறேன். நான் சொன்னா அந்தம்மா நம்பும். உங்களுக்குச் சங்கடமில்ல."

வாசலில் தமிழ்ச்செல்வி பாட்டிலோடு வந்துகொண்டிருந்தார். எனக்கும் ஒன்று சேர்த்து வாங்கியிருந்தார்.

"இன்னும் தாங்கும் பாய்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "தாங்கும்."

"அல்லாஹ் போதுமானவன்" என்று அவர் சேலையை மடிக்கப் போனார். பழைய கோட்டிலேயே. நான் கையைப் பிடித்து நிறுத்தி, வேறு மடிப்பில் மடித்துக் கொடுத்தேன். வேலை நுணுக்கமானது, மதுரையிலேயே செய்யட்டும் என்று அவர் தமிழ்ச்செல்வியிடம் சொல்லிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பாதி தூரம் வந்ததும் சொன்னேன். "என் வீட்டுல சம்மதமில்லம்மா. கோடிதான் வேணுங்குது. இல்லன்னா கல்யாணமே வேணாங்குது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"தெரியும்ணே" என்றார் தமிழ்ச்செல்வி. "மூணு பட்டோட வந்து எறங்குனீங்களே. அதுக்கு மேல என்னா சொல்லணும்? நீங்க எப்பத்தான் வாயத் தொறப்பீங்கன்னு தெருவே பந்தயம் கட்டிக்கிட்டு இருக்கு. திங்கக்கெழம ஆவும்னு சொன்னேன், ஜெயிக்க வுடாம பண்ணிட்டீங்க."

சிரித்துவிட்டு அவரே அடங்கினார். "ஆனா ஒண்ணுண்ணே. நீங்க கேக்குறீங்கன்னு நான் கோடி எடுத்துக் குடுத்தா, அடுத்த வூடும் எடுக்கும். அப்புறம் அதவிடப் பெருசா ஒண்ணு எடுக்கும். ஒரு வூடு வெலகுனா மத்த வூடு நிக்காது. சம்பந்தம் வேணாம்னு அண்ணி சொன்னா, எனக்குத் தாங்காதுதான். வித்யாவ எனக்குப் புடிச்சிருக்கு. இருந்தாலும் இத என்னால குடுக்க முடியாது."

அன்று மாலை கோவிலுக்கு வெளியே பத்துப் பதினைந்து பேர் கூடிப் பேசினார்கள். நான் தள்ளி நின்றேன். பிறகு ஜோதி அந்த வேட்டி மூட்டையை என்னிடம் கொண்டுவந்தாள். "தச்சுக் கொண்டாங்க சார்."

வேண்டாம் என்று சொல்ல வந்த ஆளிடம் தெருவின் சேலையைக் கொடுக்கிறார்கள். ரசீது இல்லை, என் விலாசம்கூட யாரும் எழுதி வாங்கவில்லை. மறுநாள் பஸ்ஸில் புதுச் சேலைகள் இருந்த பையை மேலே போட்டுவிட்டேன். பழையதை மடியில் வைத்துக்கொண்டு மதுரை வரை தூங்காமல் வந்தேன்.

பாக்கியம் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். மூட்டையைப் பிரித்தாள். அவளும் ஜவுளிக்கடைக்காரன் பெண்டாட்டி. கரை ஓரமாக விரலை ஓட்டிக்கொண்டே போனாள். மஞ்சள் கறை ஒன்று. பால் சிந்திய தடம் ஒன்று. அடி மடிப்பில் யார் யாரோ வேறு வேறு நூலில் தைத்த தையல்.

கடைசியில் கேட்டாள். "இதைக் கட்டுனவங்கள்ல வாழாமப் போனவங்க யாராச்சும் உண்டா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உண்மையில் நான் யாரையும் கேட்கவில்லை. "உண்டு" என்றேன். "ஒரு பொண்ணு. பேரு ஜோதி. புருசன் இல்ல போல. பெட்டிச் சாவி அவகிட்டத்தான் இருக்கு. அவதான் எடுத்து என் கையில கொடுத்தா."

பாக்கியம் சேலையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாளும் என்னோடு பேசவில்லை. சேலை பீரோ மேல் கிடந்தது.

மூன்றாம் நாள், "அந்தப் பொண்ணு நம்பர் இருக்கா?" என்று கேட்டாள். தமிழ்ச்செல்வியிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். போய் முக்கால் மணி நேரம் ஆகியும் வரவில்லை. நான் கீழே படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இறங்கி வரும்போது கண் சிவந்திருந்தது.

"அவளுக்கு ஒரு பையன் இருக்கானாம். நாலு வயசு. ஒரு நாளைக்கு ஒரு வீட்டுல சாப்பிடுறானாம். தன் வீடு எதுன்னு கேட்டா தெருவைக் காட்டுறானாம்" என்றாள். அவ்வளவுதான். கல்யாணம் உண்டா இல்லையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த நாள் கடையில் நல்ல கூட்டம். முகூர்த்த மாதம். மெத்தை முழுக்கச் சேலைகள் விரிந்து கிடந்தன. பாக்கியம் படியேறி வந்தாள். இத்தனை வருடத்தில் நான் வேலை செய்கிற நேரத்தில் அவள் கடைக்கு வந்ததே இல்லை. நேராக என் முன்னால் வந்து உட்கார்ந்து, விரித்துக் கிடந்த பட்டுகளை ஒதுக்கிவிட்டு, அந்த அரக்குச் சேலையை மெத்தையில் விரித்தாள். கிழிந்த மடிப்பு மேலே தெரிகிற மாதிரி.

"இதுக்குப் பொருத்தமா ரவிக்கைத் துணி காட்டுங்க. ரவிக்கையாவது கோடியா இருக்கட்டும்."

பக்கத்தில் பட்டு எடுத்துக்கொண்டிருந்த குடும்பம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. என் காது சுட்டது. எழுந்து பச்சையில் நான்கு துணி எடுத்துப் போட்டேன். பழக்கதோஷத்தில் முதலில் விழுந்தது விலை கூடியது. அவள் அதைத் தொடாமல், "இதைவிடச் சாதாரணமா இல்லையா?" என்றாள். இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

என்னோடு வேலை செய்கிறவன் குனிந்து சேலையைத் தொட்டுப் பார்த்தான். "பழைய நெசவு. யாருதுண்ணே இது?" என்று என்னைக் கேட்டான்.

நான் வாயைத் திறக்க நேரமானது. பாக்கியம் அதற்குள் சொல்லிவிட்டாள்.

"சம்பந்தி வீட்டுத் தெருவோடது. பதினேழு பேர் கட்டுனது. எம் பொண்ணு பதினெட்டாவது."